தலைப்பெழுத்து

மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் அவர் கவனித்தார்.

ஊதா நிறப் பூக்கள். விமான நிலைய வாசலில் நின்ற பெண் வருகிறவர் எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருத்தி ஈரத் துண்டு நீட்டினாள். சொர்க்கத்துக்கு நல்வரவு என்று ஒன்பது மொழிகளில் பலகை.

ஓய்வு பெற்ற தாசில்தாருக்கு மாலை புதிதில்லை. இப்படி ஒரு வேலையாக வந்த இடத்தில் விழுவது புதிது.

"சங்கரன்கோவில் சார்தானே?"

மொகுதூம். காயல்பட்டினத்துக்காரன். அந்தத் தாய்லாந்துத் தீவுக்கு வரும் தமிழ்க் கூட்டங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவன். தூதரகத்தில் யாரோ சொல்லி வந்திருந்தான். கிளி போட்ட சட்டை.

"வேற சட்டை மாத்த நேரமில்ல சார். தப்பா நினைக்காதீங்க."

மாலையை அவனே கழற்றினான்.

அவர் கடல் தாண்டியதே இதுதான் முதல் முறை. மகன் இளம்பரிதி ஒரு வாரம் முன்பே வந்திருந்தான், தனியாக. இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. நேற்று ஓர் அழைப்பு. கடலில் ஒருவர் மூழ்கியிருக்கிறார். மணிக்கட்டில் விடுதிச் சாவி. அந்த அறையில் உங்கள் மகனின் பாஸ்போர்ட். மகனாக இருக்கலாம். வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைத்தான் அவர் மனைவி ஊரில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டி கடலோரமாகப் போனது.

"இடது பக்கம் பாத்தீங்கன்னா..."

வாய்ப் பழக்கம். மொகுதூம் நிறுத்திக்கொண்டான். ஆனாலும் அவர் பார்த்தார்.

வெள்ளை மணல். காலண்டரில் இருக்கிற அதே நீலம். இறங்கக் கூடாது என்று ஒரு சிவப்புக் கொடி. கொடியோடு ஒட்டி நின்று ஆறேழு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். துணியை விலக்கினார்கள்.

இளம்பரிதிதான்.

தோளில் பனியன் இருந்த இடம் மட்டும் பழைய நிறம். மற்றதெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறான்.

கால் கட்டைவிரலில் ஓர் அட்டை. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், தெய்வநாயகம்.

அது அவருடைய பெயர்.

"குடும்பப்பெயர எழுதியிருக்காங்க சார். பாஸ்போர்ட்ல அந்த இடத்துல நம்மாளுகளுக்கு அப்பா பேருதானே வருது."

மாடியில், உடலை ஒப்படைக்க எழுதும் மேசை. அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட சின்னப் பெண். எழுந்து கைகூப்பினாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் அலுவலகத்தில் மனுவோடு வந்தவர் யாருக்கும் இதில் ஒன்றுகூட நடந்ததில்லை.

இரண்டு பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்தாள்.

மகன், இளம்பரிதி தெய்வநாயகம். அப்பா, தெய்வநாயகம் சங்கரலிங்கம்.

தாய்லாந்தில் ஒரு வீட்டுக்கு ஒரே குடும்பப்பெயர். இந்தப் பாஸ்போர்ட்டுகளில் இரண்டு. அப்படியென்றால் வீடும் இரண்டு.

அவர் மகன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தந்தை பெயர், எஸ். தெய்வநாயகம்.

அவள் முதல் எழுத்தின் மேல் பேனா முனையை வைத்தாள்.

"எஸ் யாருன்னு கேக்குறாங்க சார்."

"எங்கப்பா."

மொகுதூம் நீளமாக விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டாள். நம்பவும் செய்தாள், முகத்தில் தெரிந்தது. ஆனால் ஓர் எழுத்து ஒரு பெயராகாது என்றாள்.

முப்பத்தொரு வருடம் அவர் இதைத்தான் செய்தார். தலைப்பெழுத்து பொருந்தவில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது. பச்சை மை. வாரிசுச் சான்றுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர்களிடம் "பேப்பர் பேசணும்மா, நீ பேசக் கூடாது" என்பார். பணி நிறைவு விழாவில் அதை மேடையிலேயே சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

அந்தப் பெண் செய்வது சரி. ஓர் ஓட்டை கிடையாது.

அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தூதரகம் கடிதம் தர வேண்டும். இரண்டு நாள் ஆகும்.

மொகுதூம் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"அதுவரைக்கும் இது உங்க பிள்ள இல்லங்கிறாங்க சார். பேப்பர்படி."

வெளியே வந்தார். எதிரே சாலை, சாலைக்கு அப்பால் கடல். போன் அடித்தது.

"ஏங்க. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நம்ம பயலா?"

வாயைத் திறந்தார். தன்னுடைய வார்த்தை எதுவும் வரவில்லை. மேசையில் கேட்டதுதான் வந்தது.

"இல்லன்னு சொல்லுதாங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம், வெகுநேரம்.

அவர் திருத்தியிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது.

குரல் திரும்பி வந்தபோது பழைய அதட்டல் அதில் ஏறியிருந்தது.

"அங்கனதான் எங்கயாவது போனத் தொலைச்சிட்டு நிக்கும், சவம். நல்லாத் தேடி, கையோட கூட்டிட்டு வந்துருங்க."

"ரெண்டு நாள் ஆவும்."

"ஆவட்டும்," என்றாள். "அதுக்கென்ன."