அரைச் சுற்று

"ஹெல்மெட் இல்லாம உள்ள வரக்கூடாது! இங்க வீடு கட்டுற வேலை நடக்குது!"

ஐந்து வயது சுன்னிவா கூடத்து வாசலை மறித்து நின்றாள். மஞ்சள் பிளாஸ்டிக் ஹெல்மெட் அவள் மூக்கு வரை இறங்கியிருந்தது.

அம்மா மாரிட் சமையலறைக்குப் போய், உருளைக்கிழங்கு வடிகட்டும் சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"இது போதுமா, மேஸ்திரி?"

"போதும். நீ சித்தாள். போய் ஆணி பொறுக்கு. அப்புறம், என் பெட்டியில இருந்த சின்ன ஸ்குரூடிரைவரைக் காணோம். யாரோ திருடிட்டாங்க."

"சோபாவுக்கு அடியில இருக்கும்."

"அங்கயும் பார்த்தாச்சு. நீ போய் வேலையப் பாரு."

கூடத்தின் நடுவே, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி வீடாக நின்றது. ஜன்னல் கிரேயான், கூரை பேப்பர் தட்டு. கதவு மட்டும் அசல். இரண்டு கீலும் நிஜ ஸ்குரூவும் வைத்து அப்பா ஹால்வார் பொருத்திக் கொடுத்தது.

அழைப்பு மணி அடித்தது. ஹால்வார்தான், கருவிப் பையோடு.

"மறுபடியும் அதே அலமாரிக் கதவா?"

"அதேதான். காலையில காபி கப் எடுக்கத் திறந்தேன், அப்படியே தொங்கிடுச்சு."

"சரி பண்ணிப் பத்து நாள்கூட ஆகலையே."

"பழைய மரம். ஸ்குரூவப் பிடிச்சு வைக்க மாட்டேங்குது."

"ஆமா, பழைய மரம்" என்று அவனும் அவசரமாக ஒத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் வாய்ச்சண்டை முற்றி வெளியேறியவன் ஃபியோர்டு என்ற கடற்கழியின் எதிர்க்கரையில் ஓர் அறையில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் குழந்தையைக்கூடப் படகுத்துறையில்தான் கைமாற்றிக்கொள்வார்கள். இந்த வீட்டுக்குள் அவன் கால் வைப்பது, ஏதாவது கழன்று தொங்கினால் மட்டும்தான்.

அவன் வேலையை முடித்துக் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தான். பக்கத்திலேயே முக்காலி போட்டு ஏறி நின்று கவனித்துக்கொண்டிருந்த மேஸ்திரி கைதட்டினாள்.

"மணி பதினொண்ணு! எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிங்க!"

"மணி நாலு, மேஸ்திரி" என்றான் ஹால்வார்.

"நான் சொன்னா பதினொண்ணுதான். எதிர்த்துப் பேசினா வேலை கிடையாது."

அட்டை வீட்டின் முன்னால் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றார்கள். ஹால்வார் மாரிட்டின் தலையைப் பார்த்துச் சிரித்தான். சல்லடையை எடுக்க மறந்திருந்தாள். அவன் சிரித்ததால் எடுக்கவும் தோன்றவில்லை.

"வடகோடியில, ஹம்மர்ஃபெஸ்ட்ல பள்ளிக்கூடம் கட்டுறாங்க" என்றான் அவன், ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டபடி. "ரெண்டு வருஷ வேலை. நாளைக்குக் காலையில பதில் சொல்லணும்."

"போகப் போறியா?"

"போகாம இருக்கறதுக்கு என்ன இருக்கு?"

நான் இருக்கிறேன் என்று சொல்ல மாரிட் வாயெடுத்தாள்.

"அங்க ரொம்பக் குளிருமே" என்றுதான் வந்தது.

"ஆமா, குளிரும்."

"இனிமே கதவு விழுந்தா?"

"கடையில சொன்னா ஆள் அனுப்புவாங்க. நம்பர் எழுதி வெச்சிட்டுப் போறேன்."

அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் அந்த எண்ணை எழுதினான். எட்டு இலக்கத்தையும் நிதானமாக எழுதினான். மகளின் ஹெல்மெட்டில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, ஐந்து மணிப் படகுக்குக் கிளம்பினான். படியிறங்கும் சத்தம் ஓயும் வரை மாரிட் வாசலிலேயே நின்றாள்.

"சித்தாள்! என்ன வேடிக்கை? வந்து கதவப் பிடி!"

மாரிட் வந்து அட்டை வீட்டின் கதவைப் பிடித்துக்கொண்டாள். சுன்னிவா நாக்கைத் துருத்திக்கொண்டு, பெரிய ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு ஸ்குரூவாக முறுக்கினாள். கடைசி ஸ்குரூவையும் இறுக முறுக்கிவிட்டு, அதை மட்டும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

"ஏன் பின்னாடி திருப்பறே? கதவு தொங்கிடுமே."

"அப்பா இப்படித்தான் செய்வாரு. எல்லாத்தையும் நல்லா முறுக்குவாரு. கடைசி ஸ்குரூவ மட்டும் அரைச் சுத்து பின்னாடி."

"நம்ம அலமாரியிலயா?"

"எப்பவுமே. ஏம்ப்பான்னு கேட்டேன். அப்படி விட்டாத்தான் மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுவாங்கன்னாரு."

மாரிட்டின் குரல் இறங்கிவிட்டது. "இன்னைக்குமா?"

"இன்னைக்கு ரெண்டு ஸ்குரூ."

மாரிட் சமையலறைக்கு ஓடினாள். மேல் கீலில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஸ்குரூ அசைந்தது. அடுத்ததும் அசைந்தது. ஜன்னலுக்கு வெளியே, படகின் விளக்குகள் இன்னும் துறையில்தான் இருந்தன.

போனை எடுத்தாள்.

"ஹால்வார், கதவு விழுந்துடுச்சு. திரும்பி வா."

"அதுக்குள்ளயா?" அவன் திகைத்துப்போனான். "அது எப்படி? குறைஞ்சது மூணு வாரமாவது…" என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் கணக்கு சரிதான், அவன் தளர்த்தி வைத்த கதவு தானாகத் தொங்க மூன்று வாரமாவது ஆகும். ஆனால் அதுவரை காத்திருக்க மாரிட்டுக்கு ஒருமுறைகூடப் பொறுமை இருந்ததில்லை. கம்பளிச் சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்து, மேஸ்திரி பார்க்காத நேரத்தில் அவள் பெட்டியில் திரும்பப் போட்டாள்.