கசிவுக்கு ஒரு வாளி

"ஒரு பிளாஸ்டிக் வாளி! அதுக்காக ஆலையையே நிறுத்தச் சொல்றீங்களாம்மா?"

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். பாதுகாப்பு ஆய்வுக்கு வந்திருந்த இளம்பெண் சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

யுரேனியக் கரைசல் ஓடும் குழாயில் ஒரு கசிவு. சொட்டுவதைப் பிடிக்க அடியில் வாளி வைத்திருந்தார்கள்.

"சார், வீட்டுல குழாய் ஒழுகினா நானும் வாளிதான் வைப்பேன். இங்க அந்த வாளிதான் ஆபத்தே. ஒல்லியான குழாயில இருக்கிற வரைக்கும் கரைசல் சாது. அகலமான பாத்திரத்துல ஒண்ணா சேர்ந்தா, தானாவே அணுப்பிளவு ஆரம்பிச்சுடலாம். நெருப்பு வேண்டாம், பொறி வேண்டாம். ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். பக்கத்துல நிக்கிறவங்க பிழைக்கிறது கஷ்டம்."

"அது புத்தகத்துல. வாளி என்ன நிறைஞ்சா வழியுது? அடியில கொஞ்சூண்டு."

"இன்னைக்குக் கொஞ்சூண்டு சார்."

"கசிவை அடைக்கணும்னா லைனை நிறுத்தணும். இந்த வாரம் சரக்கு போகலேன்னா என் தலை உருளும்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இது உங்களுக்கு முதல் ஆய்வு இல்ல? பயமாத்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

அவளுக்கு முகம் சுட்டது. நிஜமாகவே நான்தான் பயந்தாங்கொள்ளியோ? 'சின்ன விஷயத்துக்கெல்லாம் போன் பண்ணி உயிரை வாங்காதே' என்று சொல்லித்தான் அவளுடைய அதிகாரியும் அனுப்பியிருந்தார்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் குழாய்ப் பக்கத்துல வேலை யாருக்குத் தெரியுமா? என் மாப்பிள்ளைக்கு. எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. ஆபத்துன்னு தெரிஞ்சா அவரை அங்க நிக்க விடுவேனா? பெத்தவன்மா நான்!"

பெற்ற மனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தாள். 'லைனைத் தொடர்ந்து இயக்கலாம்' என்ற வரியின் கீழே கையெழுத்துப் போடப் பேனா முனை இறங்கியது.

கதவு திறந்தது. ஓர் இளைஞர் தலையை மட்டும் நீட்டினார்.

"மாமா..."

"அப்புறம் வாங்க மாப்பிள்ளை, மீட்டிங்ல இருக்கேன்!" மேலாளர் பதறி எழுந்தார்.

"ஒரே நிமிஷம் மாமா. ஸ்டோர் ரூம்ல உக்காந்து ஈ ஓட்டிட்டு இருக்கேன். அந்த வாளியை எடுத்தாச்சா இல்லையா? எடுக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் காலடி வைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்களே!"