எதிர்ப்பக்கத்துப் படிக்கட்டு

கடனில் மூழ்கிய வெற்றிவேல் கால்பந்து கிளப்பைக் கோர்ட் நியமித்த அதிகாரி பூட்டிவிட்டதால், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆட்டக்காரர்களின் வேன் வரவில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதுகிறார். ஆடாமலே திருவண்ணாமலை அணி ஜெயிக்கிறது. "கத்துங்க பாய், ஜெயிச்சிட்டோம்ல!" என்று திருவண்ணாமலை ரசிகர் மக்பூலின் தோளைப் பக்கத்திலிருந்து உலுக்குகிறான் சுரேஷ்குமார். "போண்டி டீமு, ஊட்டுக்கு ஓடு!" என்று இருபது வருடமாக எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தியவர் மக்பூல். இன்று அது நிஜமாகவே நடந்திருக்கிறது. மாலை வெயில் விழுந்த எதிர்ப் படிக்கட்டில் கீழ்பென்னாத்தூர் ரசிகர் தருமன் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். தனியாக பஸ் பிடித்து வந்தவர், மஞ்சள் கொடியைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறார். மைதானத்தைத் தாண்டி அவர் குரல் வருகிறது: "என்னா மக்பூலு, இன்னிக்குக் கத்தலியா?" மக்பூல் எழுந்து நிற்கிறார். மைதானத்தைக் குறுக்கே கடந்து, தருமன் பக்கத்தில் போய் உட்காருகிறார்.