மூன்றாவது பாட்டு

மூன்றாவது பாட்டில் கிடார் வெடித்துக் கிளம்பியதும் தலைவரின் இடது கை ஆஸ்பத்திரி மெத்தையை விட்டு எழுந்தது.

முழங்கை மடங்கி, விரல்கள் நடுங்க, அப்படியே அந்தரத்தில் நின்றது.

பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து அந்த உடம்பில் கண்ணைத் தவிர எதுவும் அசைந்ததில்லை. பேச்சும் இல்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி மட்டும் நிமிரவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டைப் போட்டது அவன்தான்.

தலைவர் என்பது கூட்டாளிகள் அவன் அண்ணனுக்கு வைத்த பெயர். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஞாயிறுதோறும் அவர் வீட்டு முன்னறையில் கூடி, ஒரே ஒரு ராக் ஆல்பத்தைக் கேட்டு, அதைப் பற்றியே சண்டை போட்டு, சண்டை தீராமல் எழுந்து போகிறவர்கள். அட்டையில் ஆற்றில் மூழ்கும் லாரி. பாடிய குழு என்றைக்கோ கலைந்துவிட்டது; இவர்கள் கலையவில்லை.

அவர்களில் பேக்கரிக்காரருக்கு இசைத்தட்டின் முதல் பக்கம்தான் ஆல்பம். மறுபக்கம் இடத்தை நிரப்பப் போட்டது. எலக்ட்ரீஷியனுக்கு உயிரெல்லாம் மறுபக்கத்தில். முதல் பக்கம் வெறும் ஆர்ப்பாட்டம். டிரம்ஸைத் தகர டப்பா மாதிரிப் பதிவு செய்து கெடுத்துவிட்டார்கள் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கட்சி.

இருவரையும் வாய் வலிக்கப் பேசவிட்டு, கடைசியில் தலைவர் ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இன்றைக்கும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று அதே வழக்கைத்தான் நடத்தினார்கள். அவருக்குப் பிடித்ததைக் கேட்க வையுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். ஒரு சின்ன அசைவு தெரிந்தாலும் மேல்மாடிப் பயிற்சிப் பிரிவில் இடம் உண்டு. இல்லையென்றால் இப்படியே வீட்டுக்கு.

மெலடி ஏதாவது போடலாமே என்று தம்பி இழுத்துப் பார்த்தான். எலக்ட்ரீஷியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கூடப் பிறந்தும் அண்ணனைத் தெரியாதவன் என்கிற பார்வை.

முதல் இரண்டு பாட்டுக்கும் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தான்.

"என்னப்பா, எறும்புக்கா போடறே?" என்றார் பேக்கரிக்காரர்.

"கொஞ்சம் கூட்டி வைங்க தம்பி," என்றாள் அண்ணியும்.

அண்ணி சொன்ன பிறகு அவன் என்ன செய்வான். கூட்டினான்.

அப்போதுதான் கை எழுந்தது.

பேக்கரிக்காரர் போட்ட கூச்சலில் பிசியோதெரபிஸ்ட் ஓடி வந்தாள். பாட்டு நின்றிருந்தது. கையும் இறங்கிவிட்டிருந்தது. "நான் பார்க்கணுமே. இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

அவள் எட்டித் தொடும் தூரத்தில் நின்றாள். காதோடு ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி வாயைத் திறந்தான். அண்ணியின் முகம் கண்ணில் பட்டது. அண்ணன் விழுந்த நாளிலிருந்து இருண்டு கிடந்த முகத்தில் இப்போது வெளிச்சம். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

மறுபடியும் போட்டான்.

கை எழுந்தது. இந்தத் தடவை இன்னும் உயரமாக. கூரையையே பார்த்துக் கிடந்த அண்ணனின் கண்கள் மெதுவாகத் திரும்பி அவன்மேல் வந்து நின்றன. அவன் போனைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"இடம் கிடைச்ச மாதிரிதான்," என்று பிசியோதெரபிஸ்ட் சிரித்தாள். "தினமும் காலையும் சாயங்காலமும் இதே பாட்டைப் போடுங்க. சத்தத்தைக் குறைச்சிடாதீங்க."

பேக்கரிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாளில் எதையும் விட்டுக்கொடுக்காத எலக்ட்ரீஷியன் கட்டிலைச் சுற்றி வந்து அவர் தோளைப் பிடித்தார்.

"சரிப்பா. மூணாவது பாட்டுதான். ஒத்துக்கறேன்."

வீட்டிலிருக்கும் பெரிய ஸ்பீக்கரை நாளைக்கே கொண்டுவந்து மாட்டித் தருவதாகவும் சொன்னார்.

அண்ணி எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க புண்ணியம் தம்பி."

அவன் தலையை ஆட்டினான்.

காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையில்தான் தம்பிக்கு வேலை. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அண்ணன் யாருக்கும் தெரியாமல் அங்கே வந்தார். கொஞ்ச நாளாகப் பெரிய சத்தம் கேட்டாலே காதுக்குள் ஊசி இறங்குகிறது என்றார். தட்டு விழுந்தால்கூட உயிர் போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பயமாக இருக்கிறதாம்.

தம்பி சதை நிறத்தில் காது அடைப்பான் செய்து கொடுத்தான். அதைச் செருகி, மேலே முடியை வளர்த்து மறைத்துக்கொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாதி கேட்டும் கேட்காமலும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார் தலைவர். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, யாரும் பார்ப்பதற்குள் அதைக் கழற்றி எடுத்ததும் தம்பிதான்.

"அவனுங்களுக்குத் தெரிய வேணாம்டா," என்று சொல்லியிருந்தார் அண்ணன். "தெரிஞ்சா பாட்டை நிறுத்திடுவானுங்க. பாட்டு நின்னா வரவும் மாட்டானுங்க."

அந்த மத்தியானம் காதைச் சோதிக்க அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவதற்கு முன்னால், வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அண்ணனுக்கும் சொன்னான்.

"தாங்க முடியலேன்னா கையைத் தூக்குங்கண்ணா. உடனே நிறுத்திடறேன்."