கம்பளித் தொப்பி

பெயர்ப்பலகை பொத்தென்று மேசைமேல் விழுந்தது. ‘பிரயர், 11’ என்று ஓர் ஆட்டக்காரனின் பெயரும் சட்டை எண்ணும் பொறித்திருந்த அதை, உடைமாற்றும் அறையின் அலமாரியிலிருந்து தம் கையாலேயே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார் பயிற்சியாளர் ரஸ் கெட்லர்.

“இத வெச்சுக்குங்க லொரெட்டா. மூணு மணிக்குள்ள அந்தப் பயல வெளிய அனுப்புங்க.”

பஃபலோ கூடைப்பந்து அணியின் பொது மேலாளரான லொரெட்டா நோவக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. இந்தப் பருவத்தில் அணிகள் தமக்குள் ஆள் மாற்றிக்கொள்வதற்கு அன்று பிற்பகல் மூன்று மணிவரைதான் கெடு. சன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“ஆட்டத்துக்கு முப்பத்தோரு பாயிண்ட் எடுக்கறவன், ரஸ். இந்த ஊர்ல பாதிப் பேரு அவனப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கறாங்க.”

“எடுக்கட்டுமே! பிராக்டிசுக்கு வரான், காத மூடற கம்பளித் தொப்பியோட. நான் பேசறப்பகூடக் கழட்ட மாட்டான். கேட்டா, ‘குளிருது கோச்’ங்கறான். போன வாரம் பத்திரிகைக்காரங்ககிட்ட என்ன சொன்னான்? ‘கோச் எங்கள நாய் மாதிரி நடத்தறாரு, என்ன வேற ஊருக்கு அனுப்பிடுங்க’ன்னு சொன்னானா இல்லையா? முப்பது வருஷமா கோச்சா இருக்கேன். எவனும் இப்படிப் பேசினதில்ல!”

கெட்லரின் வழுக்கைத் தலைக்கு இரத்தம் ஏறியது. ஒழுங்கு ஒன்றுக்காகவே வாழ்ந்தவர் அவர். வரிசையில் ஒரு நொடி பிந்தி வந்தவனையும் இருபது சுற்று ஓடவிட்டவர். இருபத்து நான்கு வயதுப் பொடியன் ஒருவன், தலையில் தொப்பியோடு நின்றுகொண்டு, ஊரறிய அவரைப் பழிப்பதா? அதைக் கேட்டுவிட்டு நிருவாகம் அவனைக் கொஞ்சிக்கொண்டிருப்பதா?

“மத்தப் பசங்களும் முணுமுணுக்கறாங்க ரஸ்.”

“அவன் கெடுத்து வெச்சிருக்கான்! பேச்சே வேண்டாம். இந்தக் கூரைக்குக் கீழ ஒண்ணு அவன், இல்ல நான்.” கெட்லர் மேசையைத் தட்டினார். “என்னைய இங்க கொண்டுவரதுக்கு, நான் முன்னாடி இருந்த டல்சா டீமுக்கு என்ன குடுத்தீங்கன்னு மறந்துபோச்சா? புதுமுகத் தேர்வுல முதல் சுற்றுலயே ஆளப் பொறுக்கிக்கற உரிமை! வெறும் கோச்சுக்காக அதத் தூக்கிக் குடுத்தவங்க வேற யாராவது உண்டா?”

“மறக்கல,” என்றார் லொரெட்டா. சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “டாம்பா டீம்காரங்க காலையிலேர்ந்து ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க. அவங்களும் ஒரு முதல் சுற்று உரிமை தரேங்கறாங்க.”

“ஒண்ணா? அதுவே ஜாஸ்தி. நானா இருந்தா ஒரு தட்டுக் கோழி இறக்கைக்கே குடுத்திருப்பேன். தள்ளிவிடுங்க, அங்க போயி வெயில் காயட்டும்!”

“ஆளக் கூப்பிட்டு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிடலாமா? வீடு இருக்கு, பெண்டாட்டி இருக்கா. எல்லாத்தையும் மூட்ட கட்டிக்கிட்டுப் போகணும், பாவம்.”

“பாவமாவது! டிவியில பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். அந்த மரியாத போதும்.”

“நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“வேண்டாம். நீங்க சொன்னதே போதும்,” என்று லொரெட்டா தொலைபேசியை எடுத்தார்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் கெட்லர் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தார். ஆட்டக்காரர்கள் பன்னிருவரும் அங்கிருந்தனர். சாப்பிடும்போது சத்தம் கூடாது என்பது அவருடைய உத்தரவு. ஆகவே சுவரிலிருந்த தொலைக்காட்சி, அடியில் எழுத்தில் செய்தி காட்டியபடி, ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முதுகைக் காட்டியபடி, டெஸ்மண்ட் பிரயருக்கு நேரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தி யாருக்கு வேண்டும்? செய்தியைப் படிக்கும்போது அந்த முகம் போகிற போக்கைக் கண்ணாரக் காண வேண்டும்.

பிரயர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, குளிருதா? கவலப்படாத. இன்னிக்கோட சரியாயிடும்.”

“என் பேர்ப்பலகைய யாரோ புடுங்கியிருக்காங்க கோச்.”

“நான்தான் புடுங்கினேன். என்னடா பண்ணுவ?”

பிரயரின் கரண்டி நின்றது. அவன் கை முறுக்கிக்கொள்வதை எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். கெட்லர் அசையவில்லை. அடிக்கட்டுமே, அடித்துவிட்டு விமானம் ஏறட்டுமே!

அப்போதுதான் பிரயரின் பார்வை அவருடைய தலைக்குமேல் சென்று நிலைத்தது. கண்மணிகள் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தன. மறுபடியும் முதலிலிருந்து நகர்ந்தன. வந்துவிட்டது செய்தி. கெட்லர் முன்னால் சாய்ந்தார்.

ஆனால் அந்த முகம் வாடவில்லை. முறுக்கியிருந்த கைதான் தளர்ந்தது. எங்கோ ஒரு தட்டு கீழே விழுந்தது. பன்னிரண்டு முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பி, கெட்லரைப் பார்த்தன.

பிரயர் எழுந்தான். இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, அவர் முன்னிலையில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“டாம்பால வெயில் மண்டையப் பொளக்கும் கோச். கெளம்பறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தொப்பி வாங்கிக்குங்க.”