நாற்பத்தாறு வரிகள்

பீங்கான் கம்பெனியில் சூளைக் கதவை மூடும் முன், உள்ளே ஆள் இல்லை என்று கணினியில் பார்த்துச் சொல்வது என் வேலை. சூளைக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் ஒவ்வொருவரும் மெஷினில் விரல் வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கோப்பில் ஒரு வரி சேரும். இன்டர்வியூவுக்குப் பழகுவதற்காக, அந்தக் கோப்பைப் படிக்கும் நிரலை பைதான், ஜாவா, சி என்று மூன்று கணினி மொழிகளில் எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை இருபத்துமூன்று பேர் பொம்மைகளை அடுக்கிவிட்டு வந்தார்கள். பைதான் நாற்பத்தாறு வரிகள் படித்தது. ஜாவாவும் அப்படியே. சி மட்டும் நாற்பத்தைந்து படித்தது. வேம்பு அக்கா வெளியே வந்த வரி அதில் இல்லை.

சி-யில் கோப்பின் முடிவைத் தவறாகச் சோதித்தால் கடைசி வரி இரண்டு முறை வரும். நடுவில் ஒரு வரி காணாமல் போகாது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

"சார், வேம்பு அக்கா உள்ள இருக்காங்கன்னு காட்டுது."

சூப்பர்வைசர் உலகநாதன் சிரித்தார். "ஏன் அகல்யா, அப்ப உன் பக்கத்துல நிக்கிறது யாரு, ஆவியா?"

வேம்பு அக்கா என் தோளில் கை போட்டார். "படிச்ச புள்ளைங்க கண்ணுக்கு நாங்கள்லாம் எங்க சார் தெரியறோம்?"

கதவை மூடித் தாழிட்டார்கள். உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

"அகல்யா, தொறக்கச் சொல்லுடி."

வேம்பு அக்காவின் குரல். உலகநாதன் கேஸ் வால்வில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"அடுக்குன பொம்மை சரியுது" என்றார் என் பக்கத்தில் நின்ற வேம்பு அக்கா. "பத்த வைங்க சார், கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸு போயிடும்."

உலகநாதன் என்னைப் பார்த்தார். "மூணுல ரெண்டு, ஆளு இல்லன்னுதானம்மா சொல்லுது?"

தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது. ஆமாம் என்று தலையாட்டினேன்.