சின்னச்சாமி சொல்லாத பாவம்

"அந்த ஒரு பாவத்தை மட்டும் கேக்காதீங்க பாஸ்டரய்யா" என்றான் சின்னச்சாமி.

சபை நிர்வாகம் பார்க்கும் டீக்கன் அருமைநாயகத்துக்கு உடனே மூக்கு வியர்த்துவிட்டது.

செண்பகனூருக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன பாப்டிஸ்ட் சபையில் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில் தானாக விசுவாசித்து, சபை முன்னால் சாட்சி சொல்லி, சபையார் கைதூக்கிச் சம்மதித்த பிறகுதான் ஓடையில் முழுக்கு ஞானஸ்நானம்.

சின்னச்சாமி இரண்டு வருஷமாகக் கேட்கிறான். இரண்டு தடவையும் கொண்டுவந்த மாற்றுத் துணியை உடுத்தாமலே வீட்டுக்கு எடுத்துப் போனான். இது மூன்றாவது தடவை.

"விசுவாசிக்கிறான், திருந்தி நடக்கிறான். அது போதுமே அண்ணே" என்றார் பாஸ்டர்.

"போதாதுங்க. பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கை பண்ணாதவன் தண்ணிக்குள்ள போனா, நனைஞ்ச பாவியாத்தான் வெளிய வருவான்."

சபை தலையாட்டியது. முப்பது வருஷ டீக்கன் சொல்லி ஆடாத தலை உண்டா?

உண்மையில், அந்தப் பாவம் என்னவென்று தெரியாமல் அருமைநாயகத்துக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. எட்டு வருஷம் தன் காரட் தோட்டத்தில் வேலை பார்த்தவன், தனக்குத் தெரியாமல் அப்படி என்ன செய்திருப்பான்? திருட்டா, பொம்பளை விஷயமா?

"சபையில சொல்ல வெக்கமா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லு. நானே எடுத்துச் சொல்றேன்" என்று அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"வேணாம்ங்கய்யா."

"அப்ப இந்தத் தடவையும் முழுக்கு கெடையாது. நான் கை தூக்க மாட்டேன்."

சின்னச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவனும் எத்தனை நாள்தான் கரையிலேயே நிற்பான்?

"உங்க தோட்டத்துல மூட்டை பிடிச்சப்ப பண்ணினதுங்க. அடியில பூரா வெடிச்ச காரட்டு, மேல ரெண்டு சாணுக்கு நல்ல காரட்டு. அப்படியே தச்சு ஒட்டன்சத்திரம் சந்தை லாரியில ஏத்திவிடுவேன்."

அருமைநாயகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஏலே, அது யாவாரம்ல. அதை யாரு பாவம்னு சொன்னா?"

"மனசு சொல்லுதுங்க. அதான் உங்ககிட்ட வேலையையே விட்டேன். சபையில சொன்னா, யாரு பண்ணச் சொன்னாங்கன்னு கேப்பாங்க. முழுக்கு வாங்க வந்துட்டுப் பொய் சொல்ல முடியுங்களா? உங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் ரெண்டு வருசமா வாயைத் தொறக்கலை. இப்ப நீங்களே எடுத்துச் சொல்றேங்கிறீங்க. சொல்லிருங்கய்யா, எனக்கும் பாரம் கொறையும்."

அருமைநாயகம் உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் ஒருதரம் தொண்டையைச் செருமினார்.

"பாவ அறிக்கைங்கிறது மனுசனுக்கும் கர்த்தருக்கும் நடுவுல உள்ளது. அதைக் கிண்டிக் கெளறிக் கேக்க நாம யாருங்க?" என்றவர், பாஸ்டர் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கினார்.